தினமும் நடந்தும் எடை குறையவில்லையே, அப்புறம் எதற்கு நடப்பது?

“மூணு மாசமா விடாம வாக்கிங் போறேன், ஒரு கிலோகூட இறங்கல.” பூங்காவிலோ டீக்கடையிலோ இதைக் கேட்காதவர் இருக்க முடியாது. சொல்பவர் பெரும்பாலும் அடுத்த மாதமே வாக்கிங்கை நிறுத்தியும் விடுவார். எடை மெஷின் அசையவில்லை, ஆகவே நடை வீண் என்பது அவர் கணக்கு.

நடையின் பலனை அவர் தேடுகிற இடம்தான் தப்பு. உடலை அசைப்பதால் கிடைப்பதில் பெரும்பகுதி ரத்தச் சர்க்கரையிலும் ரத்த அழுத்தத்திலும் இதயத்திலும் தசையிலும் தெரியும். எடையில் கொஞ்சம்தான் தெரியும், அதுவும் தாமதமாக. எடையை மட்டும் பார்த்து நடையை நிறுத்துபவர், வந்துகொண்டிருக்கும் லாபத்தைப் பார்க்காமலேயே கடையை மூடிவிடுகிறார்.

முதலில் எடை விவகாரம்

70 கிலோ எடையுள்ள ஒருவர் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் சுமார் 120 கலோரி செலவாகும். அதே அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் 35 கலோரி போயிருக்கும். ஆக, நடையால் கூடுதலாகச் செலவானது 85 கலோரி சொச்சம். திரும்பும் வழியில் ஒரு மெதுவடையும் சர்க்கரை போட்ட காபியும் உள்ளே போனால், செலவானதை விட வரவு அதிகமாகிவிடும். கூட்டம் அதிகமுள்ள பூங்காக்களின் வாசலில் அருகம்புல் சாறு விற்பவரும் பஜ்ஜி போடுபவரும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாதி நாள் இரண்டு பேருக்கும் வாடிக்கையாளர் ஒருவரேதான்.

சரி, வடை காபி எதுவும் தொடாதவருக்கும் ஏன் எதிர்பார்த்த அளவு குறைவதில்லை? நம் உடல் கெட்டிக்காரத்தனமாகச் சிக்கனம் பிடிக்கும். தான்சானியாவில் ஹட்சா என்ற வேட்டைச் சமூகத்தினர் இன்றும் தினமும் பல கிலோமீட்டர் நடந்து, கிழங்கு தோண்டி, தேன் எடுத்து வாழ்கிறார்கள். ஹெர்மன் பாண்ட்சர் என்ற ஆய்வாளர் தன் குழுவோடு அவர்களின் ஒரு நாள் கலோரிச் செலவை அளந்து 2012-இல் வெளியிட்டார். உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், அது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர்களின் செலவை ஏறத்தாழ ஒத்திருந்தது. அதிகம் அசைகிற உடல் மற்ற உள்வேலைகளில் செலவைக் குறைத்துக்கொள்கிறது என்பது அவர் தரும் விளக்கம். எவ்வளவு குறைத்துக்கொள்கிறது என்பதில் ஆய்வாளர்களுக்குள் வாதம் ஓயவில்லை. ஆனால் “100 கலோரிக்கு நடந்தால் 100 கலோரி எடையில் கழியும்” என்ற நேர்க்கோட்டுக் கணக்கு பலிப்பதில்லை என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

எடையைக் குறைப்பதில் முதல் பங்கு சாப்பாட்டுக்குத்தான். நடைக்கு வேறொரு முக்கியமான வேலை இருக்கிறது: இறங்கிய எடை மறுபடி ஏறாமல் பிடித்து வைப்பது. அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய ஒரு பதிவேட்டில், கணிசமாக எடை குறைத்து அதை வருடக்கணக்கில் தக்கவைத்துக்கொண்டவர்களின் விவரங்களைச் சேர்த்து வருகிறார்கள். அவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் தினமும் சராசரியாக ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்பவர்கள், அதிலும் பெரும்பாலும் நடைதான். பட்டினி கிடந்து ஆறு கிலோ இறக்கி, அடுத்த தீபாவளிக்குள் ஏழு கிலோ ஏற்றிக்கொள்ளும் நம் வழக்கமான கதைக்கு இது நல்ல மருந்து.

அசையாமலே இருந்தால் பசியின் அளவுகோலும் கெட்டுப்போகிறது போலிருக்கிறது. மேற்கு வங்காளத்தில் ஒரு சணல் ஆலையில் ஜீன் மேயர் என்ற ஊட்டச்சத்து அறிஞரும் இந்திய ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த கணக்கெடுப்பு 1956-இல் வெளிவந்தது. நாள் முழுக்கக் கடையில் உட்கார்ந்திருக்கும் வியாபாரிகள், குமாஸ்தாக்கள், நெசவுத் தொழிலாளர்கள், கனத்த சணல் பொதிகளைச் சுமப்பவர்கள் என வரிசையாக எல்லோருடைய சாப்பாட்டையும் எடையையும் பார்த்தார்கள். லேசான வேலை முதல் கடுமையான வேலை வரை, உழைப்பு கூடக் கூடச் சாப்பாடும் கூடியது; எடை ஏறவில்லை. அது நாம் எதிர்பார்ப்பதுதான். விசித்திரம் மறுமுனையில் இருந்தது. உட்கார்ந்தே இருந்த கடைக்காரர்கள், மூட்டை சுமப்பவர்களுக்குச் சமமாகச் சாப்பிட்டார்கள். எடையும் எல்லோரையும் விட மிக அதிகம். ஒரே ஓர் ஆலையின் கணக்கை வைத்து உலகத்துக்கே சட்டம் எழுத முடியாது என்றாலும், விடுமுறை நாளில் சோபாவை விட்டு எழாமல் இருக்கும்போது கை தானாக மிக்சர் டப்பாவுக்குப் போவதை நினைத்துப் பார்த்தால் விஷயம் பிடிபடும்.

படி ஏறிய கண்டக்டர்களும் உட்கார்ந்திருந்த டிரைவர்களும்

உடலசைவுக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை முதன்முதலில் எண்களில் காட்டியது லண்டன் மாநகரப் பேருந்துகள். இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். மாரடைப்பு ஏன் இப்படிப் பெருகுகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. ஜெரி மோரிஸ் என்ற மருத்துவர், செய்யும் வேலைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமோ என்று சந்தேகப்பட்டார். லண்டனின் மாடிப் பேருந்துகள் அவருக்கு வசதியாக அமைந்தன. டிரைவரும் கண்டக்டரும் ஒரே நிறுவனம், ஏறத்தாழ ஒரே சம்பளம், ஒரே ஊர். ஒரே வேறுபாடு, டிரைவர் பணி நேரம் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் டிக்கெட் கொடுக்க ஒரு நாளில் ஐந்நூறு, அறுநூறு படிகள் ஏறி இறங்குவார்.

1953-இல் முடிவுகள் வந்தபோது, இதயநோய் கண்டக்டர்களுக்கு டிரைவர்களை விடக் குறைவாக இருந்தது. வந்தாலும் வயது தள்ளி வந்தது, முதல் தாக்குதலிலேயே உயிர் போவதும் மிகக் குறைவு. தபால் இலாகாவிலும் அப்படியே: நடந்தும் சைக்கிளிலும் போய்க் கடிதம் கொடுத்த தபால்காரர்கள், மேசையில் உட்கார்ந்த குமாஸ்தாக்களை விட நன்றாக இருந்தார்கள்.

“டிரைவர்கள் குண்டானவர்களாக இருந்திருப்பார்கள், அதனால்தான்” என்று உடனே ஒரு கேள்வி எழுந்தது. மோரிஸ் விடவில்லை. நிறுவனம் அவர்களுக்குத் தைத்துக் கொடுத்த சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவுப் பதிவேட்டைத் தேடி எடுத்தார். டிரைவர்களின் இடுப்பு பெரியதுதான். ஆனால் ஒரே இடுப்பளவு உள்ளவர்களை எடுத்துப் பார்த்தாலும், ஒல்லியோ தொப்பையோ, கண்டக்டருக்கே ஆபத்து குறைவாக இருந்தது. தொப்பையுள்ள கண்டக்டருக்கும் படி ஏறிய பலன் கிடைத்திருக்கிறது. நம் வாக்கிங் நண்பர் தெரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். மோரிஸ், தன் ஆய்வைத் தானே நம்பி, முதுமையிலும் உடற்பயிற்சியை விடாமல் 99 வயது வரை வாழ்ந்தார்.

அசையாமல் இருந்தால் உடல் எவ்வளவு வேகமாகக் கெடும் என்பதற்கு 1966-இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் நடந்த ஒரு சோதனை சாட்சி. 20 வயதை ஒட்டிய ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்க வைத்தார்கள். அவர்கள் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால்வாசிக்கு மேல் சரிந்தது. 30 ஆண்டு கழித்து, ஐம்பது வயதில், அதே ஐந்து பேரை மறுபடி அழைத்துச் சோதித்தார்கள். அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதத்தை, 30 ஆண்டு முதுமை அவர்களில் ஒருவருக்கும் செய்திருக்கவில்லை! அறுவைச் சிகிச்சை முடிந்த மறுநாளே நர்ஸ் வந்து “எழுந்து நாலு அடி நடங்க” என்று விரட்டுவது இரக்கமில்லாமல் இல்லை.

சர்க்கரைக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்?

நமக்கு மிக நெருக்கமான பகுதி இது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023-இல் சொன்ன கணக்கின்படி இந்தியாவில் பத்துக் கோடிப் பேருக்கு நீரிழிவு. அதன் வாசலில் நிற்பவர்கள், அதாவது சர்க்கரை கூடியிருந்தும் நோய் எல்லையைத் தொடாதவர்கள், இன்னும் 13 கோடிக்கு மேல். பார்வைக்கு ஒல்லியாக இருந்தாலும் தசை குறைவாகவும் வயிற்றுக்குள் கொழுப்பு அதிகமாகவும் இருப்பது நம்மிடையே சகஜம். அதனால்தான் உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் உடல் எடைக் குறியீட்டில் (BMI) மேல்நாட்டாருக்கு 25 வரை சரி என்றால், நமக்கு 23-லேயே எச்சரிக்கிறார்கள்.

சோறோ இட்லியோ உள்ளே போனதும் சர்க்கரையாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய கிடங்கு நம் தசைகள், குறிப்பாகத் தொடையும் கெண்டைக்காலும். இன்சுலின்தான் தசையின் வாசல் கதவைத் திறக்கும் சாவி. நீரிழிவின் பக்கம் சாயும் உடலில் சாவி இருந்தும் பூட்டு சரியாகத் திறப்பதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் இல்லாமலேயே கொல்லைப்புறக் கதவு ஒன்று திறந்துகொள்கிறது. நடக்கிற கால் சர்க்கரையை அந்த வழியாக இழுத்துக்கொள்ளும். நடந்து முடித்த பிறகும் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள் வரைகூட, தசை இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கும். ஒரு நாள் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு வாரம் முழுக்கப் படுத்திருப்பதை விடத் தினமும் கொஞ்சம் நடப்பது மேல் என்பதற்குக் காரணம் இந்தக் கால அளவுதான்.

எப்போது நடப்பது? காலை வெறும் வயிற்றில்தான் நடக்க வேண்டும் என்று ஒரு கட்சி உண்டு. எடுத்துச் சொல்லும்படியான ஆதாரம் சாப்பாட்டுக்குப் பின் நடப்பவர் பக்கம்தான் இருக்கிறது. நியூசிலாந்தில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவு உள்ள 41 பேரை இரண்டு விதமாகவும் நடக்க வைத்துப் பார்த்தார்கள்: நாளில் ஏதோ ஒரு நேரத்தில் 30 நிமிடம், அல்லது மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் பத்துப் பத்து நிமிடம். மொத்த நேரம் ஒன்றுதான். ஆனாலும் பத்துப் பத்தாக நடந்தபோது சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவு உணவுக்குப் பின் பார்த்தால் 22 சதவீதம். இரவுச் சாப்பாடு கனமாக இருந்து அதற்கப்புறம் டி.வி. முன் சாயும் வீடுகளில் இந்தப் பத்து நிமிடத்துக்கு மதிப்பு அதிகம். தெருமுனை வரை போய் வந்தால் போதும், வேகம்கூடத் தேவையில்லை.

சென்னையைச் சேர்ந்த மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினரின் ஆய்வு இன்னும் நேரடியாகப் பேசுகிறது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை நான்கு குழுவாகப் பிரித்துச் சுமார் இரண்டரை ஆண்டு கவனித்து, 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான பொது அறிவுரையோடு விடப்பட்ட குழுவில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு நோயாளி ஆனார்கள். தினமும் குறைந்தது அரை மணி நேரம் வேகநடை, சாப்பாட்டில் சர்க்கரையும் எண்ணெயும் குறைப்பு என்று வாழ்க்கைமுறையை மாற்றிய குழுவில் 39 பேர்தான். மாத்திரை மட்டும் எடுத்த குழுவின் பலனும் ஏறக்குறைய இதே அளவு. கவனிக்க வேண்டியது, வாழ்க்கைமுறை மாற்றிய குழுவில் உடல் எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. சாப்பாடும் சேர்ந்தே மாறியதால் முழுப் பெருமையையும் நடைக்குக் கொடுக்க முடியாது. என்றாலும் எடை மெஷினை மட்டும் பார்த்திருந்தால் அந்த மனிதர்களும் “ஒண்ணும் பிரயோஜனமில்லை” என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ரத்த அழுத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். அழுத்தம் ஏற்கெனவே கூடியிருப்பவர்கள் தொடர்ந்து நடந்தால் மேல் எண் ஐந்து முதல் எட்டு வரை இறங்குகிறது. இது பல பேருக்கு ஒரு மாத்திரை செய்யும் வேலை. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. வயிற்றுக்குள் குடலைச் சுற்றிப் படியும் கொழுப்பும், எடை மாறாதபோதே கரையத் தொடங்கும். எடை மெஷினை விடச் சாதாரண இன்ச் டேப் நல்ல சாட்சி என்பது இதனால்தான். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்பது நமக்கான இடுப்பு எல்லை.

எவ்வளவு நடக்க வேண்டும்?

கையில் கட்டிய வாட்ச் தினமும் 10,000 காலடி கேட்கும். இந்த எண் மருத்துவமனையில் பிறக்கவில்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸ் முடிந்த மறுவருடம், 1965-இல், ஜப்பானிய நிறுவனம் ஒன்று அடிகளை எண்ணும் கருவியை விற்க வைத்த பெயரிலேயே பத்தாயிரம் இருந்தது. வட்டமான எண், விளம்பரத்துக்குத் தோதானது. அமெரிக்காவில் சராசரியாக 72 வயதான ஏறக்குறைய 17,000 பெண்களைக் கவனித்து ஐ-மின் லீ என்ற ஆய்வாளர் 2019-இல் வெளியிட்ட கணக்கு இன்னும் ஆறுதலானது. ஒரு நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களை விட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500 அடியைத் தாண்டியபின் கூடுதல் பலன் தெரியவில்லை. இளையவர்களுக்கு எண் கொஞ்சம் கூடலாம். எப்படிப் பார்த்தாலும், ஒன்றுமே செய்யாதவர் கொஞ்சம் செய்யத் தொடங்கும்போதுதான் பலன் மிக அதிகம். இரவு பத்து மணிக்கு வாட்ச் எண்ணை நிரப்ப ஹாலில் குறுக்கும் நெடுக்கும் நடப்பவர்களைக் கண்டால் எனக்குச் சிரிப்பு வரும். நடப்பதில் தப்பில்லை, அந்தப் பதற்றம்தான் வேண்டாதது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலசைவு, கூடவே இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி என்கிறது. மிதமானது என்றால், நடந்துகொண்டே பேச முடியும், பாட முடியாது, அந்த வேகம். முன்பெல்லாம் ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்றார்கள். இப்போது அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது மாடிக்குப் படியேறியதும், பஸ் ஸ்டாப்புக்கு ஓடியதும் கணக்கில் சேரும்.

“வீட்டு வேலை செய்யறேனே, அது போதாதா?” என்று பெண்கள் கேட்பது நியாயமான கேள்வி. உட்கார்ந்து தரை துடைப்பது, தண்ணீர்க் குடம் தூக்குவது, துணி அலசிப் பிழிவது எல்லாம் நல்ல உழைப்புதான், சேரும். ஆனால் மிக்சியும் கிரைண்டரும் வாஷிங் மெஷினும் வந்தபின், அடுப்படியில் நிற்பதே பெரும்பாலான நேரத்தை எடுத்துக்கொள்கிறது. அலுப்பு வரும், மூச்சு வாங்காது. அப்படியென்றால் அதற்கு மேல் வேகமாகப் பத்து, பதினைந்து நிமிடம் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கான நேரத்தை வீட்டிலுள்ள மற்றவர்கள் ஒதுக்கித் தர வேண்டும், அது வேறு கதை.

நாள் முழுக்க நாற்காலியில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். பயிற்சி என்று பெயர் வைக்காத அசைவுகளும் கலோரி தின்னும்: எழுவது, நிற்பது, பக்கத்து மேசைக்குப் போவது, காலாட்டிக்கொண்டிருப்பது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஜேம்ஸ் லெவின் குழு 16 பேருக்கு எட்டு வாரம் தினமும் 1,000 கலோரி அதிகமாகக் கொடுத்துப் பார்த்து 1999-இல் முடிவை எழுதியது. ஒருவருக்கு அரைக் கிலோகூட கொழுப்பு ஏறவில்லை, இன்னொருவருக்கு நான்கு கிலோவுக்கு மேல் ஏறியது. இத்தனைக்கும் எல்லோருக்கும் ஒரே அளவுதான் கூடுதல் சாப்பாடு. வேறுபாட்டில் பெரும்பகுதியைச் செய்தது இந்தச் சில்லறை அசைவுகள்தான். சிறுவயதில் “காலை ஆட்டாதே, தரித்திரம்” என்று அதட்டிய பாட்டிகளிடம் இதை யார் சொல்வது?

தொடங்குகிறவர் முதல் வாரம் சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். அது பழகியதும் ஒரு வேளையை வேகநடையாக்கலாம். வலுவூட்டும் பயிற்சிக்கு ஜிம் வேண்டியதில்லை. கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். 30 வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு மூன்று முதல் எட்டு சதவீதம் வரை தசை கரைகிறது, நடை மட்டும் அதைத் தடுக்காது. தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழ முடிகிறவர்கள் அந்தப் பழக்கத்தை விட்டுவிட வேண்டாம். மூட்டு வலி இருந்தால் நடக்கவே கூடாது என்பதும் சரியில்லை. தொடைத் தசை வலுவானால்தான் முழங்காலின் சுமை குறையும். எவ்வளவு என்பதை மட்டும் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

நீரிழிவுக்கு இன்சுலினோ, சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் வைத்துக்கொண்டு நடக்க வேண்டும். கை நடுங்கி, வியர்த்து, படபடவென்று வந்தால் உடனே வாயில் போட வேண்டும். வெறுங்காலோடு புல்லில் நடப்பது சுகம்தான், ஆனால் பாதத்தில் மரமரப்பு உள்ள நீரிழிவு நோயாளிக்கு அது ஆகாது, முள் குத்தினாலும் தெரியாது. செருப்பில்லாமல் போகாதீர்கள், வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். நடக்கும்போது நெஞ்சு இறுக்கினாலோ, வலி இடது கைக்கோ தாடைக்கோ போனாலோ, வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினாலோ நடையை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாயுத் தொல்லை என்று சோடா வாங்கிக் குடித்துவிட்டுக் காத்திருக்கக் கூடாது.